மெல்லிங்ஹாம் ஓடுபாதையில் ஓர் ஓக் மரம்

இங்கிலாந்தில், மெல்லிங்ஹாம் பூங்காவின் வாசலில் நிற்கும் நினைவுக்கல்லில் நூற்றுப் பதினான்கு பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அத்தனையும் அமெரிக்கப் பெயர்கள். அத்தனை பேரும் 1943க்கும் 1945க்கும் நடுவில் இங்கிருந்த அமெரிக்க விமானத் தளத்திலிருந்து குண்டுவீச்சு விமானங்களில் ஏறிப் போய்த் திரும்பாதவர்கள். அதில் ஒன்று தன் தகப்பன் பெயர் என்பது தெல்மா கெரிட்ஜுக்குப் பதினோரு வயதிலேயே தெரியும். எது என்பதுதான் தெரியாது.

அவள் பிறந்தது 1945 பிப்ரவரியில். அம்மா குவீனிக்கு அப்போது பத்தொன்பது வயது. விமானத் தளத்தின் சமையற்கூடத்தில் உருளைக்கிழங்கு உரிக்கும் வேலை. விரலில் மோதிரம் இல்லை. மூன்று வருஷம் கழித்து பெர்சி என்ற டிராக்டர் ஓட்டுநர் குவீனியைக் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைக்கும் தன் பெயரைக் கொடுத்தார். நல்ல மனிதர். அவரை அப்பா என்றுதான் தெல்மா கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ வாயை விடும்வரை வேறு கேள்வியே அவளுக்கு எழவில்லை.

அன்றைக்குக் குவீனி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எங்கப்பா யாங்கியாமே, அமெரிக்கக்காரராமே?"

குவீனி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "யாரு சொன்னா?"

"ஸ்கூல்ல எல்லாரும்."

"ஆமா. செத்துட்டான். விமானம் கடல்ல விழுந்துடுச்சு. நல்லா ஆடுவான். போதுமா?"

"பேரு என்ன?"

"பெர்சி காதுல விழப்போகுது. போயி கோழிக்குத் தீனி போடு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை தெல்மா அந்தக் கேள்வியைத் தொண்டைவரை கொண்டுவந்தாள். குவீனியின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள். ஊரில் வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்றால், சஃபோக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு அது ஏன் முடியாதென்று புரியும். மெல்லிங்ஹாமில் ஒருவர் வீட்டு விஷயத்தை அவர் முகத்துக்கு நேரே எடுக்க மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள், அதுவும் விலாவாரியாகப் பேசுவார்கள். சம்பந்தப்பட்டவர் கடைக்குள் நுழைந்ததும் பேச்சு மழைக்கும் முட்டைக்கோசுக்கும் தாவிவிடும். அதுதான் அங்கே மரியாதை. தெல்மா நுழையும்போதெல்லாம் முட்டைக்கோசைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஆகவே அவள் கல்லிடம் போனாள். போர் முடிந்து இரண்டு வருஷத்தில், தளத்தின் வாசலில் ஊர்க்காரர்கள் நிறுத்திய கல் அது. மேலே பாசி பிடித்திருந்தது. ஒரு வாளித் தண்ணீரும் நகம் தேய்க்கும் பிரஷும் கொண்டுபோய்க் கழுவினாள். அடுத்த வாரமும் போனாள். எது அப்பா என்று தெரியாததால் எல்லாரையும் கழுவினாள்.

வளர்ந்த பிறகு நூலகத்தில் உட்கார்ந்து தேடினாள். அம்மா சொன்னது கடல். 1944 அக்டோபர் நான்காம் தேதி ஒரு விமானம் வடகடலில் விழுந்திருந்தது. பத்துப் பேர். அக்டோபர் வந்தால் அம்மாவுக்குத் தலைவலி வந்து படுத்துவிடுவாள் என்பதும் நினைவுக்கு வந்தது. அது கிழங்கு அறுவடைக் காலம், நாளெல்லாம் குனிந்து வேலை செய்கிற எந்தப் பெண்ணுக்கும் தலை வலிக்கும் என்பது அப்போது தோன்றவில்லை. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் பெயர் வின்சென்ட் கலூச்சி. குவீனியின் முடி சணல் நிறம். தெல்மாவுடையது நல்ல கறுப்பு. இத்தாலியப் பெயரைப் பார்த்ததும் இவர்தான் என்று தீர்மானித்துவிட்டாள்.

1969இல் மகன் பிறந்தபோது வின்சென்ட் என்று பெயர் வைத்தாள். ஊரில் அந்தப் பெயர் யாருக்கும் கிடையாது. காரணம் கணவன் பேஸிலுக்கு மட்டும் தெரியும். பேஸில் பஸ் ஓட்டுநர். வாய்த்துடுக்கு அதிகம், ஆனால் இதில் மட்டும் கிண்டல் செய்யவில்லை.

இதற்குள் விமானத் தளம் பல பிறவி எடுத்துவிட்டது. ஓடுபாதையை உடைத்து நெடுஞ்சாலைக்குச் சல்லியாகக் கொண்டுபோனார்கள். மிச்சமிருந்த கான்கிரீட்டில் வான்கோழிக் கொட்டகைகள் வந்தன. கொட்டகைக்காரர் நொடித்துப்போனார். கடைசியில் மாவட்ட நிர்வாகம் வாங்கி, புல் விதைத்து, பூங்கா என்று பலகை மாட்டியது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் தேநீர்க்கடை. விமானங்கள் ஊர்ந்த சுற்றுப்பாதையில் நாய்களோடு நடப்பவர்கள். 1980இல் அங்கே தெல்மாவுக்கு வேலை கிடைத்தது. முதலில் குப்பை பொறுக்கினாள், பிறகு புதர் வெட்டினாள், பிறகு மரம் நட்டாள். கல்லைக் கழுவுவது இப்போது சம்பளத்தோடு சேர்ந்த வேலை. வியாழக்கிழமை தோறும் கழுவினாள்.

கிழவர்களான அமெரிக்கர்கள் திரும்பி வரத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். மே மாதக் கடைசியில், தங்கள் நாட்டில் போரில் இறந்தவர்களை நினைக்கும் நாளையொட்டி, ஒரு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். கல்லின் முன்னால் தொப்பியைக் கழற்றி நிற்பார்கள். ஊர் மண்டபத்தில் தேநீர் விருந்து நடக்கும். ஏற்பாடெல்லாம் மியூரியல் தர்லோ. தெல்மாவைவிடப் பதின்மூன்று வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும், யார் முட்டை சாண்ட்விச் செய்ய வேண்டும் என்பதை மியூரியல்தான் சொல்வாள். தெல்மாவுக்கு அவள்மீது பிரியம். குவீனி படுத்த படுக்கையாகி 1988இல் செத்துப்போனபோது தினமும் சூப் கொண்டுவந்தவள் மியூரியல்.

வந்துபோன கிழவர்கள் ஒவ்வொருவராகச் சாக ஆரம்பித்தார்கள். சிலர் தங்கள் சாம்பலில் ஒரு கைப்பிடியை மெல்லிங்ஹாமில் போடச் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படிப் பிறந்தது ஒரு வழக்கம். பெரிய ஓடுபாதை இருந்த நீளத்தில், ஆளுக்கு ஓர் ஓக் மரம். மே மாதம் மரம் நட ஏற்ற காலமே இல்லை. ஆனால் குடும்பங்கள் மே மாதம்தான் வரும். ஆகவே மே மாதமே நட்டு, கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றுவார்கள். குழியை முந்தின நாளே தோண்டிப் பலகை போட்டு மூடிவைக்க வேண்டும். மண்ணுக்குக் கீழே எங்கே பழைய கான்கிரீட் இருக்கும் என்று சொல்ல முடியாது. துக்கத்தில் நிற்கும் குடும்பத்தின் முன்னால் கடப்பாரை போட்டுக்கொண்டிருக்க முடியாதல்லவா.

2004 மே மாதம், வெள்ளிக்கிழமை. தெல்மாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. மறுநாள் நட வேண்டிய மரம் வெண்டெல் ஓஸ்ட்பி என்பவருக்கு. வடக்கு டகோட்டாக்காரர். டிசம்பரில் இறந்தவர். விமானங்களுக்குக் குண்டு ஏற்றும் தரைப் பணியாளர், பறந்தவர் அல்ல. பறக்காதவர்களைப் பற்றித் தெல்மா அதிகம் யோசிப்பதில்லை. அவர்கள் கல்லில் இல்லை.

காலையில் கிளம்பும்போது பேஸில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"எத்தனை அடி தோண்டணும்?"

"மூணு."

"கொஞ்சம் அகலமா தோண்டு. என்னையும் அதுலயே போட்டுடலாம். உனக்கு ஒரு வேலை மிச்சம்."

"உன் வாய மூடறதுக்குத் தனியா ஒரு குழி வேணும்."

பத்து மணிக்கெல்லாம் இரண்டடி இறங்கிவிட்டாள். அப்புறம் கான்கிரீட். கடப்பாரையால் கொத்தி, துண்டு துண்டாகப் பெயர்த்துத் தள்ளுவண்டியில் போட்டாள். முதுகு விட்டுப்போயிற்று. அப்போதுதான் மியூரியல் ஃபிளாஸ்க்கில் தேநீர் எடுத்துக்கொண்டு புல்வெளியில் நடந்து வந்தாள். எழுபத்திரண்டு வயதிலும் நிமிர்ந்த நடை. குழியின் ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உன்ன மாதிரி மனசுல உரம் இருக்கற பொம்பளைய நான் பாத்ததே இல்ல, தெல்மா."

"குழி தோண்டறதுக்கா?"

"இந்தக் குழிய நீயே தோண்டறியே. வேற யாரா இருந்தாலும் இன்னைக்கு லீவு போட்டிருப்பாங்க. ஆஃபீஸ்ல நான்கூடச் சொன்னேன், வேற ஆளப் போடுங்கன்னு. அப்புறம் நெனச்சேன், தன் கையால செய்யணும்னு அவளுக்கே இருக்கும் போலன்னு."

தெல்மா கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "நீங்க என்ன சொல்றீங்கன்னு எனக்குப் புரியல."

"சரி கண்ணு, விடு. நான் ஒண்ணும் சொல்லல. டீயக் குடி. இத்தனை வருஷம் வாயக் கட்டிட்டு இருந்துட்டு இன்னைக்கு எதுக்கு இத எடுத்தேனோ."

"எத?"

மியூரியல் அவள் முகத்தைப் பார்த்தாள். ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்தாள், மூடினாள். "உனக்குத் தெரியும்ல?"

"என்ன தெரியும்?"

"உன் கல்யாணத்துக்கு முந்தின நாளு எல்லாத்தையும் உன்கிட்ட சொல்லிட்டேன்னு உங்கம்மா எங்கம்மாகிட்ட சொன்னா. என் காதால கேட்டேன்."

"கல்யாணத்துக்கு முந்தின நாளு அம்மா எனக்கு முடி சுருட்டி விட்டா. வெள்ளைக் காலுறை எடுத்து வச்சியானு கேட்டா. வேற ஒரு வார்த்தை பேசல. என்ன சொன்னா உங்கம்மாகிட்ட?"

மியூரியல் தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"வெண்டெல்தான், தெல்மா. வெண்டெல் ஓஸ்ட்பிதான் உங்கப்பா."

தெல்மாவின் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: "அவரு பறக்கவே இல்லையே."

"இல்ல."

"எங்கப்பா கடல்ல விழுந்தாரு."

"யாரும் எங்கயும் விழல. நாப்பத்தஞ்சு ஜூலைல கப்பல் ஏறிப் போனாரு, முழு ஆளா. உனக்கு அப்ப அஞ்சு மாசம். சிப்பாய்ங்க துணியெல்லாம் எங்க வீட்டுலதான் தொவச்சோம். அவரு துணி எடுக்க வருவாரு, உங்கம்மா வருவா, ரெண்டு பேரும் எங்க கொட்டகைக்குப் பின்னாடி நின்னு பேசுவாங்க. காக்கா மாதிரி கறுப்பு முடி. அந்த விரிஞ்ச காது வேற. அவங்க ஊருல அவருக்கு ஒரு பொண்ணு நிச்சயமாகி இருந்துச்சு. எழுதறேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. உங்கம்மா அந்த வருஷம் பூரா தபால்காரன் சைக்கிளப் பாத்துட்டே நின்னா. அப்புறம் ஒரு நாளு, செத்துட்டான்னு சொல்ல ஆரம்பிச்சா. செத்துட்டான்னு ஒருத்தி சொன்னா, இல்லனு யாரு சொல்லுவா? நாங்களும் சரின்னுட்டோம்."

காற்றில் புல் சாய்ந்து எழுந்தது. தூரத்தில் ஒரு நாய் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியது.

"ஊருக்கே தெரியுமா?"

"பெரியவங்களுக்குத் தெரியும். உனக்கும் தெரியும், நீ அதப் பத்திப் பேச இஷ்டப்படலைனு நெனச்சோம். சத்தியமா, தெல்மா. அவரு வந்தப்பகூட நீ எவ்ளோ பெருந்தன்மையா இருந்தேன்னு பேசிக்கிட்டோம்."

"எப்ப வந்தாரு?"

மியூரியல் ஃபிளாஸ்க்கைத் தரையில் வைத்தாள்.

"மியூரியல், எப்ப வந்தாரு?"

"தொண்ணூத்தி ரெண்டுல. பஸ்ஸ விட்டு இறங்கும்போதே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. பொண்டாட்டி கூட வந்திருந்தா. அவ கழிப்பறைக்குப் போன நேரம் பாத்து என்கிட்ட வந்தாரு. குவீனி இருக்காளானு கேட்டாரு. செத்து நாலு வருஷம் ஆச்சுன்னேன். அந்தக் குழந்தைனு கேட்டாரு." மியூரியல் ஊர் மண்டபத்தின் பக்கம் திரும்பினாள். "நீ அங்கதான் நின்னுட்டு இருந்த. ரொட்டி வெட்டிட்டு. நான் கையக் காட்டினேன். நல்லா இருக்கா, கல்யாணம் ஆயிடுச்சு, எல்லாம் தெரியும், பழசக் கிளறினா அவளுக்கும் கஷ்டம், உங்க வீட்டம்மாவுக்கும் கஷ்டம்னேன். அவரும் தலையாட்டினாரு. அப்புறம் நீ சங்கடப்படக் கூடாதேன்னு, பாத்திரம் கழுவ ஆள் இல்லைனு சொல்லி உன்ன உள்ள அனுப்பினேன்."

தெல்மாவுக்கு அந்தச் சமையலறை தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த மத்தியானம்தான் பிடிபடவில்லை. எத்தனையோ விருந்துகள், எத்தனையோ மத்தியானங்கள் கழுவியிருக்கிறாள்.

"எட்டத்துலேர்ந்துதான் பாத்தாரா?"

"கடைசில டீக் கப்ப அவரே எடுத்துட்டு வந்தாரு. ஆம்பளைங்க யாரும் அப்படி எடுத்துட்டு வர மாட்டாங்க. ஜன்னல் வழியா உன்கிட்ட கொடுத்தாரு. நீ என்னமோ சொன்ன. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டாரு."

"நான் என்ன சொன்னேன்?"

"எனக்குக் கேக்கல."

தெல்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஜன்னல். அந்தப் பக்கம் ஒரு கை. ஒரு கோப்பை. வாங்கியிருப்பாள், வாங்கி நுரைத் தண்ணீரில் போட்டிருப்பாள். "அங்க வச்சிடுங்க, சார், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருப்பாள். எல்லாரிடமும் அதைத்தான் சொல்வாள். நிமிர்ந்து பார்த்தாளா? எவ்வளவு முயன்றும் அந்தக் கைக்கு மேலே ஒரு முகம் வரவில்லை.

"நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன், தெல்மா."

"தெரியும். எல்லாரும் நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. எங்கம்மா, உங்கம்மா, நீங்க, அவரு. ஊரே சேர்ந்து எனக்கு நல்லது பண்ணியிருக்கீங்க. ஒருத்தராவது கொஞ்சம் கெட்டவங்களா இருந்து என் மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"திட்டிக்க. எவ்ளோ வேணும்னாலும் திட்டிக்க."

"திட்டினா உங்களுக்கு மனசு ஆறும். நான் எதுக்கு அதச் செய்யணும்? டீய எடுத்துட்டுப் போங்க."

மியூரியல் போனாள். தெல்மா மறுபடி குழியில் இறங்கினாள். மிச்சக் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்தாள். பக்கங்களைச் சீராக்கினாள். அடியில் மண்ணைக் கிளறி உரம் போட்டாள். பலகை போட்டு மூடினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் பேஸில் எல்லாவற்றையும் கேட்டான். கெட்டில் கொதித்து அணைந்ததைக்கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"வின்சென்ட்டுக்குச் சொல்லணுமா?" என்றான் கடைசியில். மகனுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. நாரிச்சில் கணக்குப் பார்க்கும் வேலை.

"என்னன்னு சொல்றது? எவனோ ஒருத்தன் பேர உன் தலைல கட்டிட்டேன்னா?"

"நல்ல பேருதான் அது. எனக்கு எப்பவும் பிடிச்சுத்தான் இருந்துச்சு."

அப்போதுதான் தெல்மா அழுதாள். பேஸில் எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு, "நாளைக்கு நீ போக வேண்டாம்" என்றான்.

"மரத்தப் பிடிக்க ஒரு ஆள் வேணும். எப்படிப் பிடிக்கணும்னு மத்தவனுக்குத் தெரியாது."

மறுநாள் வெயில். பஸ் தேவைப்படவில்லை. உயிரோடு வரக்கூடிய கிழவர்கள் அந்த வருஷம் மூன்று பேர்தான், குடும்பங்களோடு சேர்த்தால் ஒரு வேனுக்குக் காணும். ஆர்லின் ஓஸ்ட்பி சக்கர நாற்காலியில் இருந்தாள். எண்பது வயது. மடியில் நீலத் துணியில் சுற்றிய சின்னப் பெட்டி. அவளைத் தள்ளிக்கொண்டு வந்தவன் மூத்த மகன் கர்ட். ஐம்பதைத் தாண்டிய பெரிய உருவம். நரைத்த முடி. தலையின் இரு பக்கமும் விரிந்து நின்ற காதுகள். தெல்மா தினமும் கண்ணாடியில் முடியை இழுத்துவிட்டு மறைக்கிற அதே காதுகள்.

"மேடம், இந்தக் குழி நீங்க கையாலயே தோண்டினதாமே," என்றான் கர்ட். "கீழ கான்கிரீட்டுன்னு சொன்னாங்க. அப்பா பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு. எதையும் அரைகுறையா செஞ்சா அவருக்குப் பிடிக்காது."

தெல்மா ஓக் கன்றைப் பிடித்துக்கொண்டாள். கர்ட் பெட்டியைத் திறந்து அம்மாவின் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினான். அவள் கை குழிவரை எட்டவில்லை. சுற்றிலும் பார்த்தாள். பிறகு தெல்மாவைப் பார்த்து, "நீ போடறியா, கண்ணு?" என்று கேட்டாள்.

தெல்மா மண்டியிட்டாள். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். சாம்பல் சொரசொரப்பாக, மணல் மாதிரி இருந்தது. வேரின் மேல் போட்டாள். கூட்டத்தில் நின்ற மெல்லிங்ஹாம்காரர்கள் அத்தனை பேரும் குனிந்து தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். மியூரியல் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைக்கவில்லை.

மண்ணைத் தள்ளி முடித்ததும் ஆர்லின் தெல்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். சில்லென்ற கை.

"இந்த இடத்தப் பத்தி அவரு ஒரு நாளும் பேசினதில்ல. ஆஸ்பத்திரியில கடைசி வாரம், என்னைய மெல்லிங்ஹாம்ல போடுங்கன்னாரு. எங்க சர்ச்சு தோட்டத்துல எடம் வாங்கி வச்சிருந்தோம், கல்லுகூட வச்சாச்சு. கொஞ்சமாவது அங்க போடுன்னு பிடிவாதம். செத்துப்போன சிநேகிதங்க ஞாபகம் போல." அவள் சிரித்தாள். "நல்ல மனுஷன். நாலு பையங்கள வளர்த்தாரு. பொண்ணு இல்லனு ஒரு குறை. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எந்தப் பொம்பளக் குழந்தை கெடைச்சாலும் தூக்கி வச்சுப்பாரு. பெத்தவங்க வந்து கேட்டாத்தான் குடுப்பாரு."

தெல்மாவின் நாக்கு நுனியில் அது நின்றது. ஒரே ஒரு வாக்கியம். நாலு வார்த்தைகூட வேண்டாம். கர்ட் ஓர் அடி தூரத்தில் நின்று முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். ஆர்லின் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அப்பா இருக்காரா?"

"இல்ல, மேடம். போருல போயிட்டாரு."

"விமானத்துலயா?"

"கடல்ல விழுந்துட்டாரு."

"ஐயோ பாவம். அப்ப உனக்கு இந்த வலி தெரியும்," என்றாள் ஆர்லின், கையைத் தட்டிக்கொடுத்தபடி.

விருந்தின்போது தெல்மா சமையலறைக்குப் போகவில்லை. மண்டபத்தில் விருந்தாளிகளுக்குப் போட்ட நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள், பூட்ஸில் மண்ணோடு. இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மியூரியலே ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். தெல்மா குடித்தாள். நன்றி சொல்லவில்லை. எதிரில் கர்ட் சோளம் விதைக்கும் யந்திரத்தைப் பற்றி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தான். பேசும்போது இடது கையால் மேசையைத் தடவினான். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் ஊர் திரும்பினார்கள்.

அந்தக் கோடையில் மழை பிந்தியது. வாரம் இரண்டு தடவை டிராக்டரில் தொட்டியை இழுத்துப் போய்ப் புது ஓக்குக்குத் தண்ணீர் ஊற்றினாள். வியாழக்கிழமைகளில் கல்லையும் கழுவினாள். பேஸில் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டான், இனிமேலும் அது எதற்கு என்று. "கலூச்சி என்ன தப்பு பண்ணினாரு?" என்றாள் தெல்மா. "அவருக்குப் பத்தொம்பது வயசு. இங்க அவருக்குன்னு வேற யாரும் இல்ல."

மகனிடம் செப்டம்பரில் சொன்னாள். வின்சென்ட் "அப்போ எனக்கு அமெரிக்காவுல நாலு மாமா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டான். மியூரியலோடு தெல்மா பேசினாள். மழை, முட்டைக்கோசு, பஸ் நேரம். வேறு எதுவும் பேசவில்லை. மியூரியலும் அதற்கு மேல் கேட்கவில்லை. பிப்ரவரியில் அறுபது முடிந்ததும் தெல்மா ஓய்வு பெற்றாள். பூங்காவில் கேக் வெட்டினார்கள்.

மார்ச்சில் ஆர்லின் இறந்துபோனாள். கர்ட் பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்தான். அம்மாவின் சாம்பலையும் கொஞ்சம் அப்பாவின் மரத்தடியில் போட வேண்டும். தான் மட்டும் தனியாக வருவதாகவும், போன வருஷம் குழி தோண்டிய அந்த மேடம் கூட இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னான். அலுவலகத்துப் பெண் வீட்டுக்கு வந்து செய்தி சொல்லிவிட்டுப் போனாள்.

"சொல்லப் போறியா?" என்று கேட்டான் பேஸில்.

தெல்மா மாடிக்குப் போய் வின்சென்ட்டின் பழைய அறையில் படுக்கை விரிப்பை மாற்றினாள். ஜன்னலைத் திறந்துவைத்தாள்.

கர்ட் ஜூன் பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை, பதினோரு மணி ரயிலில் இப்ஸ்விச்சில் வந்து இறங்குகிறான். அவனை அழைத்துவர ஸ்டேஷனுக்குக் கார் எடுத்துக்கொண்டு போகப்போவது தெல்மா. பேஸில் வரவில்லை. கர்ட்டிடம் தனியாகப் பேச வேண்டும் என்று அவள்தான் சொன்னாள்.